முதல் கோடு மூன்று மில்லிமீட்டர் கீழே

அனுப்புநர்:
அட்டை எண் 4417 குழந்தையின் தாய்,
தையல் கடை,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிரில்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
குழந்தைகள் பொது மருத்துவமனை.

பொருள்: மருந்து அளக்கத் தரப்படும் பிளாஸ்டிக் மூடியில் 5 மி.லி. கோடு தவறான இடத்தில் இருப்பது – அதன் விளைவாக என் மகளின் சிகிச்சைக் குறிப்பேட்டில் "தாயின் அலட்சியம்" என்று எழுதப்பட்டதை நீக்கவும், அவளை என்னிடமிருந்து பிரித்து 21 நாள் வார்டில் வைக்கும் உத்தரவை ரத்து செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், இம்மாதம் 3-ஆம் தேதி.
2. சிகிச்சைக் குறிப்பேடு, பக்கம் 11 மற்றும் 14.
3. மருந்து கவுன்டர் பதிவேடு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தில், ஏழு நாட்களுக்குள் நான் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும் என்றும், நடந்த தவறுக்கு வருத்தம் தெரிவித்தால் அது கனிவுடன் பரிசீலிக்கப்படும் என்றும் கண்டிருந்தது. இன்று ஆறாவது நாள். விளக்கம் கீழே இருக்கிறது. வருத்தம் இல்லை. அதைத் தேடித் தங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று முதலிலேயே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1. நான் தங்கள் மருத்துவமனையின் பின்வாசலுக்கு எதிரே பதினாறு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். தங்கள் நர்ஸ்களின் சீருடைகளில் பாதி என் மெஷினில் தைத்தவை. இடுப்பளவு மாறும்போதெல்லாம் சத்தமில்லாமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பதும் நான்தான். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருப்பார். அவருடைய தங்கை, அதாவது என் நாத்தனார், எங்களுடன் இருக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், ஆறு வயது. கடைக்கு வருகிறவர்கள் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். மேஜைக்கு அடியில் எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது, மிதித்த பிறகுதான் தெரியும்.

2. அவளுக்கு நாலரை வயதில் முதல் வலிப்பு வந்தது. செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிப் பிரிவில் மருத்துவர் பார்த்து, ஒரு திரவ மருந்தைக் காலை 5 மி.லி., மாலை 5 மி.லி. தரச் சொன்னார். மருந்து கவுன்டரில் பெரிய கேனிலிருந்து பழுப்பு நிற பாட்டிலில் 100 மி.லி. ஊற்றித் தருவார்கள், முதல் முறை மட்டும் மேலே ஒரு அளவு மூடியையும் கவிழ்த்துத் தருவார்கள். ஒரு நாளைக்குப் பத்து மி.லி., ஆகவே ஒரு பாட்டில் பத்து நாள். அதன்பின் பதினான்கு மாதம் அவளுக்கு ஒரு வலிப்பு கூட வரவில்லை. பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு, முதலாவதாக வந்த பிள்ளையிடம் போய்ச் சண்டை போடும் அளவுக்கு நன்றாக இருந்தாள்.

3. ஐந்து மாதங்களுக்கு முன்பு பழைய மூடிகளுக்குப் பதிலாகப் புது மூடிகள் தரப்பட்டன. தெளிவான பிளாஸ்டிக், நீலக் கோடு, 5, 10, 15 என்று அழகான எண்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பழைய மூடியைக் குண்டூசி தன் பொம்மைக்குத் தொப்பியாக எடுத்துக்கொண்டாள். மருந்து மாறவில்லை, மருத்துவர் மாறவில்லை, நானும் மாறவில்லை. மூடி ஒன்றுதான் மாறியது என்பதைத் தாங்கள் அருள்கூர்ந்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

4. புது மூடி வந்த நான்காவது வாரம், பள்ளியில் காலை வரிசையில் நிற்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. கீழே விழுந்ததில் மேலுதட்டில் மூன்று தையல். அந்த மூன்றையும் நான் போடவில்லை. அடுத்த மாதம் என் கடையிலேயே, பட்டப்பகலில், வெட்டு மேஜைக்கு அடியில் இரண்டாவது முறை. மேஜைக் காலில் அவள் குதிகால் தட்டுகிற சத்தத்தை விளையாட்டு என்று நினைத்து, "சும்மா இருடி" என்று நான் அதட்டினேன். இதை எந்தக் குறிப்பேட்டிலும் யாரும் எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

5. இரத்தப் பரிசோதனையில் மருந்தின் அளவு குறைவாக இருந்தது. மருத்துவர் என்னிடம் கேட்டதைவிட, கவுன்டர் பதிவேட்டிடம் கேட்டதுதான் அதிகம். பத்து நாள் மருந்தை வாங்கிக்கொண்டு நான் பதினான்காம் நாள்தான் அடுத்த பாட்டிலுக்கு வந்திருக்கிறேன் என்று அதில் மூன்று முறை பதிவாகி இருந்தது. பக்கம் 11-இல் "மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை" என்று எழுதினார். எழுதும்போது அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாட்டில் காலியானதும் வரச் சொன்னார்கள், காலியானதும் வந்தேன். பதின்மூன்று நாளைத் தாண்டியும் மருந்து இருந்ததை நான் கவனிக்காமல் இல்லை. கவுன்டரில் இருக்கும் அம்மா கை தாராளமாக ஊற்றுகிறார் என்று நினைத்து, "உங்களுக்குப் பெரிய மனசும்மா" என்று அவரிடமே சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டார். என் தொழிலில் துணி மிச்சமானால், வெட்டியது எங்கோ தவறு என்று அந்த நிமிடமே சந்தேகப்படுவேன். மருந்து மிச்சமானபோது சந்தேகப்படவில்லை. இந்த முழு விவகாரத்திலும் என் தவறு இது ஒன்றுதான். இதற்கு நான் வருந்துகிறேன், ஆனால் அந்த வருத்தத்தை என் மகளிடம் தெரிவித்துக்கொள்வேன். தங்கள் அலுவலகத்துக்கு அதில் பங்கில்லை.

6. பக்கம் 11-க்குப் பிறகு இரண்டு மாதம் நானே என்னை நம்பவில்லை. வேலை மும்முரத்தில் ஒரு வேளை மருந்தை மறந்திருப்பேனோ என்று தையல் சாக்பீஸால் சுவரில் கோடு போட ஆரம்பித்தேன். காலை ஒரு கோடு, மாலை ஒரு கோடு. கோடுகள் சரியாக இருந்தன. இரத்தத்தில் மருந்து குறைவாக இருந்தது. நாத்தனார், "அண்ணி, துணியில தலைய விட்டீங்கன்னா உங்களுக்கு உலகமே மறந்துபோகும்" என்றாள். கணவர் எங்கோ ஒரு டீக்கடையிலிருந்து போன் செய்து, "நீ ஒழுங்கா குடுக்குறியா இல்லியா, உண்மையச் சொல்லு" என்று கேட்டார். திருமணமாகி எட்டு வருடத்தில் அவர் என்னிடம் உண்மையைச் சொல்லச் சொன்னது அன்றுதான். நான் போனை வைத்துவிட்டேன். அன்றிரவு சாப்பிடவில்லை.

7. அடுத்து எட்டு நாள் அவளை வார்டில் சேர்த்து, நர்ஸ்களே மருந்து கொடுத்தார்கள். வார்டில் மூடி பயன்படுத்துவதில்லை. ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் 5 மி.லி. வரை இழுத்து வாயில் விடுவார்கள். எட்டாம் நாள் இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தது. வீட்டுக்கு அழைத்துப்போன பதினெட்டாம் நாள் மறுபடி வலிப்பு. பக்கம் 14-இல் எழுதப்பட்டிருப்பதை அப்படியே தருகிறேன்: "மருத்துவமனையில் சரி. வீட்டில் குறைவு. தாயின் அலட்சியம்." மூன்று வாக்கியங்கள். முதல் இரண்டும் உண்மை என்பதால் மூன்றாவதும் உண்மை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

8. இனி நான் கண்டுபிடித்தது எப்படி என்று கூறுகிறேன். போன மாதம் ஒரு சிறுமிக்கு மூன்றடுக்கு ஃப்ராக் தைக்க ஆர்டர் வந்தது. மேல் அடுக்கு எட்டு அங்குல உயரம், நடு அடுக்கு எட்டு, கீழ் அடுக்கு எட்டு. உயரம் ஒன்றுதான் என்பதற்காக மூன்றுக்கும் ஒரே அளவு துணி வெட்டினால் ஃப்ராக் வராது, தலையணை உறைதான் வரும். கீழே போகப் போகச் சுற்றளவு கூடும், துணியும் கூடும். இது தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் அடி வாங்கிக் கற்றுக்கொள்வது. அந்த வெட்டு மேஜையில், டேப்பின் பக்கத்தில், மாலை மருந்துக்காக எடுத்து வைத்த அளவு மூடி கவிழ்ந்து கிடந்தது. கவிழ்த்து வைத்தால் அது ஒரு குட்டிப் பாவாடைதான். அடி குறுகல், வாய் அகலம். நான் டேப்பை எடுத்து அளந்தேன்.

9. அளவுகள் வருமாறு. மூடியின் அடிச் சுற்றளவு 63 மி.மீ., அதாவது சுமார் இரண்டரை அங்குலம். 15 என்ற கோட்டில் சுற்றளவு 94 மி.மீ., அதாவது மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. அடியிலிருந்து 5 என்ற கோடு 10 மி.மீ. உயரத்தில், 10 என்ற கோடு 20 மி.மீ. உயரத்தில், 15 என்ற கோடு 30 மி.மீ. உயரத்தில். கோடுகளுக்கு இடையே துளியும் வித்தியாசமில்லை. சுற்றளவு கூடிக்கொண்டே போகும் பாத்திரத்தில் கோடு மட்டும் எப்படி ஐயா ஒரே இடைவெளியில் இருக்கும்?

மருந்துக் கடைக்குப் போய் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன். மூடியில் 5 கோடு வரை தண்ணீர் ஊற்றி சிரிஞ்சால் உறிஞ்சினேன். 3.6-க்கும் 3.8-க்கும் நடுவே நின்றது. எட்டு முறை செய்தேன், எட்டு முறையும் அங்கேதான். 10 கோடு வரை ஊற்றியது சுமார் 8.6 வந்தது. 15 கோடு வரை ஊற்றியதை இரண்டு தடவையாக உறிஞ்சிக் கூட்டினால் 14.9. அதாவது தங்கள் மூடி பெரிய அளவில் நாணயமானது, சின்ன அளவில் மட்டும் கை வைக்கிறது. தங்கள் மருத்துவமனை குழந்தைகளுக்கானது. இங்கே பெரும்பாலான மருந்துக்கு அளவே 5 மி.லி. தான்.

நான் ஒரு வேளைக்கு 5 மி.லி. கொடுப்பதாக நினைத்துக் கொடுத்தது 3.7. ஒரு நாளைக்குப் பத்துக்குப் பதில் 7.4. நூறை 7.4-ஆல் வகுத்தால் பதின்மூன்றரை நாள். பதினான்காம் நாள் நான் கவுன்டருக்கு வந்ததன் இரகசியம் இவ்வளவுதான். என்னைக் குற்றவாளி ஆக்கிய அதே பதிவேடுதான், நான் ஒரு வேளையும் விடாமல் கொடுத்திருக்கிறேன் என்பதற்கும் சாட்சி.

பொம்மையின் தலையிலிருந்து பழைய மூடியைக் கழற்றி அளந்தேன். வடிவம் ஒன்றே. ஆனால் அதில் 5 கோடு 13 மி.மீ. உயரத்தில், ஏறக்குறைய அரை அங்குலத்தில் இருந்தது. அந்தக் கோடு வரை ஊற்றினால் சிரிஞ்சில் 5 மி.லி. வந்தது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். குண்டூசி, பொம்மையின் தொப்பி போனதற்காக நான் அழுவதாக நினைத்து, "பரவால்லம்மா, நீயே வச்சுக்கோ" என்றாள்.

10. இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். இடையில் புது மூடி மிதிபட்டு நசுங்கியதால், பத்து நாள் என் நாத்தனார் சமையலறை ஸ்பூனில் மருந்து கொடுத்தாள். அந்தப் பத்து நாளும் ஒன்றும் ஆகவில்லை. இதை நான் வெளிநோயாளிப் பிரிவு நர்ஸிடம் வெள்ளந்தியாகச் சொன்னபோது, "வீட்டு ஸ்பூன்லயா? ஒரு ஸ்பூன் மூணு மில்லி இருக்கும், ஒண்ணு ஏழு இருக்கும், பிள்ளைய என்ன பண்ணப் பாக்குறீங்க?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டு, புது மூடி ஒன்றைக் கையில் திணித்தார். அவர் சொன்னது சரியே. ஸ்பூனை நம்பக் கூடாது, பக்கத்து வீட்டு ஸ்பூன் மூன்றாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு ஸ்பூனை சிரிஞ்சால் அளந்து பார்த்தேன். 5.2 வந்தது. நம்பக் கூடாத ஸ்பூன் என் மகளைக் காப்பாற்றிய நாட்களில், நம்ப வேண்டிய மூடி தங்கள் கவுன்டர் அலமாரியில் புதிதாகக் காத்திருந்தது.

11. இரண்டு மூடிகளையும் எடுத்துக்கொண்டு தங்கள் மருந்துக் கிடங்குக்குப் போனேன். கிடங்குப் பொறுப்பாளர் சட்டைப்பையில் எப்போதும் இரும்பு ஸ்கேல் வைத்திருப்பதால் மருத்துவமனையில் அவரை ஸ்கேல் சார் என்பார்கள். அவர் என்னை உட்காரச் சொல்லி, மரியாதையாகக் கேட்டு, ஸ்கேலை எடுத்துப் புது மூடியின் மேல் வைத்தார். "பாருங்கம்மா, பத்து, பத்து, பத்து. மொத்தம் முப்பது மில்லிமீட்டருக்குப் பதினஞ்சு மில்லி. மூணால வகுத்தா ஒரு கோட்டுக்கு அஞ்சு. இதுல எங்க தப்பு?" என்றார். அதோடு நிற்கவில்லை. பழைய மூடிகளைத் திருப்பி அனுப்பியது தாம்தான் என்று பெருமையோடு கோப்பை எடுத்துக் காட்டினார். மூடி செய்யும் நிறுவனத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் இருந்தது இது: "கோடுகள் ஒழுங்கற்ற இடைவெளியில் உள்ளன. முதலாவது 13 மி.மீ., அடுத்தது 9½, கடைசி 7½. சீரான இடைவெளியில் திருத்தி அனுப்பவும்." நிறுவனத்தார் ஒருமுறை மறுத்து எழுதியிருக்கிறார்கள். இவர் இரண்டாவது முறையும் எழுதியிருக்கிறார். கேட்டதைச் செய்து அனுப்பிவிட்டார்கள்.

ஐயா, அவர் திருடர் அல்ல, சோம்பேறியும் அல்ல. வருகிற ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்த்து வாங்குகிறவர் இந்தக் கட்டடத்தில் அவர் ஒருவர்தான் என்றுகூடச் சொல்வேன். அளந்தார், ஆனால் நீளத்தை அளந்தார். பிள்ளையின் வாய்க்குள் போவது நீளம் அல்ல. அங்குலத்தைச் சென்டிமீட்டராக மாற்ற 2.54-ஆல் பெருக்கினால் போதும், ஏனென்றால் என் டேப்பின் இரண்டு பக்கமும் நீளம்தான். ஒரு மில்லிலிட்டர் என்பது ஒரு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம், ஒரு சென்டிமீட்டர் உயரம். அகலத்தைக் கேட்காமல் உயரத்தை மில்லியாக மாற்ற எந்த ஸ்கேலாலும் முடியாது.

12. என் புகாரின் பேரில் தங்கள் துணைக் கண்காணிப்பாளர் அவர்கள் ஒரு பரிசோதனை நடத்தினார்கள் என்பதை மறுக்கவில்லை. நானும் அருகில் இருந்தேன். பரிசோதனைக் கூடத்திலிருந்து கண்ணாடி அளவுக் குழாய் வரவழைக்கப்பட்டது. மூடியில் 15 கோடு வரை நீர் ஊற்றி, அதைக் குழாயில் கொட்டி, 14.9 என்று படித்து, "சரியாக உள்ளது" என்று கையெழுத்திட்டார்கள். 5 கோட்டில் ஒருமுறை பாருங்கள் என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "பெரிய அளவு சரின்னா சின்ன அளவும் சரியாத்தாம்மா இருக்கும். எனக்கு மீட்டிங் இருக்கு." குழாய் மேஜையில் இருந்தது. மூடி என் கையில் இருந்தது. தண்ணீர்க் குழாய் இரண்டடி தூரத்தில் இருந்தது. அரை நிமிட வேலை.

13. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை வெளிநோயாளிப் பிரிவு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரிடம் நான் கேட்டேன். ஒன்பது பேரிடம் புது மூடி. அந்த ஒன்பதில் ஆறு பேரின் குறிப்பேட்டில் என்னுடையதைப் போன்ற வாக்கியம். அவர்களில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வேளகூட விட்டதில்லக்கா, சத்தியமாச் சொல்றேன், எங்க வீட்லயே நம்ப மாட்டேங்குறாங்க" என்றாள். நான் நம்பினேன். இன்னொரு குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை என்று மருத்துவர் அளவை இரட்டிப்பாக்கியிருக்கிறார். பிறகு காய்ச்சலுக்காக வார்டில் சேர்த்தபோது, சிரிஞ்சில் முழு அளவும் உள்ளே போய், பிள்ளை இரண்டு நாள் கண் திறக்காமல் தூங்கியிருக்கிறது. குறைவாகப் போனதைச் சரிக்கட்ட அதிகமாக எழுதி, அது ஒருநாள் உண்மையாகவே உள்ளே போனால் என்ன ஆகும் என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

நான் பெஞ்சில் அமர்ந்து "பிற நோயாளிகளைத் தூண்டிவிட்டதாக" தங்கள் கடிதத்தின் நான்காம் பத்தி கூறுகிறது. ஒப்புக்கொள்கிறேன். சிரிஞ்ச் வாங்கும்படி அவர்களிடம் சொன்னேன். அடுத்த செவ்வாயும் சொல்வேன்.

14. தங்கள் கடிதத்தின்படி, வரும் 12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் என் மகளை வார்டில் ஒப்படைக்க வேண்டும். 21 நாள் மருந்தை நர்ஸ்கள் மட்டுமே தருவார்கள். நான் மாலை நான்கிலிருந்து ஐந்து வரை பார்க்கலாம். முடிவில் இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தால், குழந்தை வீட்டில் பாதுகாப்பாக இல்லை என்று குழந்தைகள் நல அலுவலருக்குப் பரிந்துரை போகும்.

இந்தப் பரிசோதனையின் முடிவை இன்றே நான் எழுதித் தருகிறேன். வார்டில் சிரிஞ்ச் இருக்கிறது. இருபத்தொரு நாளில் அவள் நிச்சயம் நன்றாக இருப்பாள். எனக்குப் பயமே அதுதான். அவள் குணமானால் நான் குற்றவாளி. ஒரு தாய் தன் பிள்ளை நன்றாக இருப்பதைப் பார்த்துப் பயப்படும்படி ஓர் உத்தரவு எழுத முடியும் என்று இதற்கு முன் நான் நினைத்ததில்லை.

வீட்டில் நான் சிரிஞ்சில் கொடுக்க ஆரம்பித்து இன்றோடு முப்பது நாள் ஆகிறது. காலை 5 மி.லி., மாலை 5 மி.லி., மருத்துவர் எழுதியபடியே, ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாட்டில் பத்தாம் நாள் காலியாகிறது; பதிவேட்டைப் பார்க்கலாம். வலிப்பு வரவில்லை. இரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று பரிசோதனைக் கூடத்தில் கேட்டேன். அடுத்த முறை வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். எப்போது வேண்டுமானாலும், எந்தக் கையிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கத்துவாள், அதற்கு நான் பொறுப்பல்ல.

15. ஆகவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்யுமாறு கோருகிறேன்.

பக்கம் 11 மற்றும் 14-இல் என்னைப் பற்றி எழுதியதை, எழுதியவரே அடித்து, பக்கத்தில் காரணத்தை எழுதி, தேதியுடன் கையெழுத்திட வேண்டும். வெள்ளை பூசி மறைக்க வேண்டாம். அடித்தது தெரிய வேண்டும். அதுபோலவே பெஞ்சில் இருந்த ஆறு பேருக்கும், நான் சந்திக்காத மற்றவர்களுக்கும் செய்ய வேண்டும். கிடங்கில் இருக்கும் புது மூடிகளை இன்றே நிறுத்தி, வீடுகளுக்குப் போனவற்றைத் திரும்பப் பெற்று, எல்லோருக்கும் சிரிஞ்ச் தர வேண்டும். அளவு கூட்டி எழுதப்பட்ட குழந்தைகளுக்கு மட்டும், மருத்துவர் மறுபடி பார்த்து அளவைத் திருத்திய பிறகுதான் சிரிஞ்ச் தர வேண்டும் என்பது மிக அவசியம். 12-ஆம் தேதி உத்தரவை ரத்து செய்ய வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். கழுத்தில் மூன்று மில்லிமீட்டர் தவறினால் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் எறிகிறவர்களுக்குத்தான் நான் பதினாறு வருடமாகத் தைத்துக் கொடுக்கிறேன். அவர்களில் சிலர் தங்கள் மருத்துவமனையில்தான் வேலை செய்கிறார்கள்.

இந்த மனுவுக்குப் பதில் வராவிட்டாலும் 12-ஆம் தேதி காலை பத்து மணிக்கு நான் வருவேன். ஓடி ஒளிய மாட்டேன். என் மகளும் வருவாள், அவளுடைய துணிமணிகளும் ஒரு பையில் வரும். தங்கள் மேஜையில், தங்கள் கையால், தங்கள் வார்டு சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து, தங்கள் கிடங்கிலிருந்து தாங்களே தேர்ந்தெடுக்கும் மூடியில் ஊற்றுங்கள். தண்ணீர் முதல் கோட்டில் நின்றால், நான் ஒரு வார்த்தை பேசாமல் பையையும் அவளையும் விட்டுவிட்டு, தாங்கள் கேட்ட வருத்தத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். தண்ணீர் கோட்டைத் தாண்டினால், அவள் என்னோடு வீட்டுக்கு வருவாள். தடுக்க யாரையும் விடமாட்டேன்.

ஊற்றிப் பார்க்காமல் என் பிள்ளை மேல் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: 9-ஆம் தேதி, திங்கட்கிழமை
இடம்: தையல் கடை, வெட்டு மேஜை

இப்படிக்கு,
(கையொப்பம்)
அட்டை எண் 4417 குழந்தையின் தாய்

இணைப்பு: பழைய மூடி ஒன்று, புது மூடி ஒன்று, 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, சுவரில் உள்ள சாக்பீஸ் கோடுகளின் புகைப்படம் (சுவரைக் கொண்டுவர இயலவில்லை).

நகல்: குழந்தைகள் நல அலுவலர் அவர்களுக்கு, புது மூடி ஒன்றுடன். தண்ணீர் அவர்கள் அலுவலகத்திலேயே இருக்கும் என நம்புகிறேன்.